தண்ணீர் தேவைப்படாத ஏரி

ஒரு கல்குவாரியை மூடுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. சமையல் முடிந்ததும் பாத்திரங்களை எடுத்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் திரும்ப அடுக்குகிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே வேலைதான். குவாரி தோண்டும்போது முதலில் மேல்மண்ணைச் சுரண்டி ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். அடுத்தது, விலைக்குப் போகாத உதிரிக் கல். அதற்குச் சக்கை என்று பெயர். அதை இன்னொரு பக்கம் குவிப்பார்கள். அப்புறம்தான் நல்ல கல். நல்ல கல் தீர்ந்ததும் சக்கையைத் தள்ளி, பள்ளத்துச் சுவரின் காலடியில் சாய்வாக நிரப்ப வேண்டும். சுவர் அதில் சாய்ந்துகொள்ளும். சாய்வின் மேல் மண்ணைப் பரப்ப வேண்டும். மழை அபூர்வமான இடமென்றால் அந்த மண்ணை மழமழவென்று இழைத்துவிடக் கூடாது. குண்டும் குழியுமாக விட வேண்டும். பெய்கிற நாலு தூறல் ஓடிப்போகாமல் குழிகளில் தங்கும். மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் விதைகள் அதைக் குடித்து எழுந்துகொள்ளும். அவ்வளவுதான்.

இதற்கென்றே ஓர் ஆணையம் இருந்தது. அதனால் இது நடக்கவில்லை.

பஞ்சர்காரரின் வீடு அந்தப் பள்ளத்தின் உதட்டில் இருந்தது. அவர் போய்ப் பள்ளத்தருகே வீடு கட்டவில்லை. பள்ளம்தான் வருஷா வருஷம் நகர்ந்து அவர் வீட்டைத் தேடி வந்தது. குவாரி லாரிகளின் டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டித்தான் அவர் அந்த வீட்டையே எழுப்பினார் என்பதால், அதைப் பற்றி அதிகம் வாய் திறக்கவும் முடியவில்லை. கல் தீரும் தறுவாயில் குவாரிக்காரர் சுவரில் விட்டிருந்த படிக்கட்டு போன்ற மேடைகளையும் வெட்டி விற்றார். வாசல் சாவியை ஆணையத்திடம் கொடுத்துவிட்டு வேறு மலை பார்க்கப் போய்விட்டார். மேடைகள் போனதும் சுவர் செங்குத்தாக நின்றது. செங்குத்தாக நிற்கிற எதற்கும் என்றைக்காவது உட்கார வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும்.

விரிசல் முதலில் சமையலறைத் தரையில், அடுப்பு மேடைக்கும் வாசலுக்கும் நடுவே வந்தது.

“ஊர்ல இருக்கிற ட்யூபையெல்லாம் ஒட்டுறீங்களே, இதை ஒட்டுங்க பார்ப்போம்” என்றாள் மனைவி.

பஞ்சர்காரர் குனிந்து பார்த்தார். விரிசல் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் இறுகப் பூசிவிட வேண்டும். கண்ணாடிக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. தரை மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். பழைய லாரிக் கண்ணாடியிலிருந்து ஒரு கீற்றை எடுத்து அப்படியே செய்தார். அது உடைந்த காலையில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஆணையத்துக்குப் போனார்.

அவரைத் தள அதிகாரியிடம் அனுப்பினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, குளிரூட்டிய அறையில், மஞ்சள் ஹெல்மெட்டோடு இருந்தார் அவர். கூரை மேல் அப்படி என்ன சந்தேகமோ தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை, ஆகவே எல்லோரும் அவரை ஹெல்மெட் என்றே சொன்னார்கள்.

“நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி” என்றார் ஹெல்மெட். “சக்கையைத் தள்ளி சுவரோட காலை அணைக்கணும். திட்டத்துல முதல் வேலையே அதுதான். அணைக்கலைன்னா சுவர் இறங்கும். சுவர் இறங்கினா உங்க வீடும் இறங்கும். முதல்ல சமையலறை. அப்புறம் முன் அறை.”

இவ்வளவு தெளிவாகத் தன் வீட்டைப் பற்றி யாரும் பேசி பஞ்சர்காரர் கேட்டதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்ப எப்ப சார் தள்ளுவீங்க?”

“யாரு, நாங்களா?” ஹெல்மெட் சிரித்தார். “ஐயா, இது திட்டமிடுற ஆணையம். செய்யுறதுக்குத் தனி ஆணையம் வரும்.”

“அது எங்க சார் இருக்கு?”

“திட்டத்துல இருக்கு.”

“திட்டம் எப்ப முடியும்?”

“அவசரப்படக் கூடாது. குவாரியில முதல் வெடி வெச்ச அன்னைக்கே திட்டத்தை ஆரம்பிச்சுட்டோம். அதுக்குள்ள அவங்க மலையையே முடிச்சுட்டாங்க. அது எங்க தப்பா?”

பிறகு அவரை அன்போடு கையைப் பிடித்து அழைத்துப்போய், கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மாதிரியைக் காட்டினார். பள்ளம் அச்சு அசலாக இருந்தது. ஆனால் அதன் விளிம்புவரை நீல நிறத்தில் பிசின் ஊற்றி ஏரியாக்கியிருந்தார்கள். அதில் நகத்தளவு படகுகள். பஞ்சர்காரர் தன் வீட்டைத் தேடினார். அந்த இடத்தில் பஞ்சில் செய்த மரம் ஒன்று நின்றது.

“என் வீடு சார்?”

“இந்த மரம் நல்லா நிழல் தரும்” என்றார் ஹெல்மெட்.

அடுத்த வாரம் மக்கள் கருத்துக்கேட்பு. ஓர் ஏரி எப்படி உயிர்வாழ்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வானம் போடுவதும் ஓடை கொண்டுவருவதும் வரவு. வெயில் உறிஞ்சுவதும் தரை குடிப்பதும் செலவு. அந்த வட்டாரத்தில் வெயிலின் தாகம் மழையின் தாராளத்தைப் போலப் பல மடங்கு. ஒரு வாளித் தண்ணீரை வெளியே வைத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வாளிதான் இருக்கும். ஓடையென்று எதுவும் இல்லை. இது ஆணையத்துக்கும் தெரியும். அதைப் பற்றி அருமையான ஆய்வே செய்திருந்தார்கள்.

கூட்டத்தில் பஞ்சர்காரர் எழுந்து, “ஏரிக்குத் தண்ணி எங்கிருந்துங்க வரும்?” என்று மட்டும் கேட்டார். வீட்டைப் பற்றிக் கேட்கத்தான் எழுந்தார். எதிரே கொண்டுவந்து வைத்திருந்த மாதிரியில் படகுகளைப் பார்த்ததும் வாய் தடம் மாறிவிட்டது.

ஆணையத்தின் இயக்குநர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார். நல்ல உயரமும் அதைவிட நல்ல குரலும் உள்ளவர்.

“அருமையான கேள்வி. இதே கேள்வியை நானும் கேட்டேன். பதில் கிடைக்கலை. உடனே திட்டத்தைக் கைவிட்டேனா? கைவிடலை. நண்பர்களே, தண்ணி இருக்கிற ஏரியை எந்த முட்டாளும் திட்டமிடுவான். அதுல எவ்வளவு ஆபத்து பாருங்க! கொசு வரும். கரை உடையும். யாராவது விழுந்து மூழ்குவாங்க. நம்ம ஏரியில அந்தக் கவலையே இல்லை. இது வறண்ட பகுதிக்குன்னே வடிவமைச்ச ஏரி. தண்ணியை நம்பி இருக்கிற ஏரி இல்லை, தன் காலில் நிக்கிற ஏரி.”

கைதட்டல் எழுந்தது. பக்கத்தில் இருந்த மனைவி, “ஏரிக்குக் கால் இருக்காம். நம்ம சுவருக்குத்தான் கால் இல்லை” என்றாள். கேட்கட்டும் என்றே அவள் சொன்னது முன்வரிசைக்குக் கேட்டது. முன்வரிசை அதையும் கைதட்டிப் பாராட்டியது.

ஏரி என்று தீர்மானமான பிறகு அதற்குரிய பாதுகாப்புகள் வேண்டுமே. பள்ளத்தைச் சுற்றி ‘ஆழம் அதிகம், நீந்தாதீர்கள்’ என்று பலகைகள் நட்டார்கள். காப்பாளர் ஒருவரை நியமித்து, விசிலும் உயரமான நாற்காலியும் கொடுத்தார்கள். மூழ்குபவருக்கு எறிய ரப்பர் மிதவைகள் வரவழைத்தார்கள். அவை வெயிலில் காய்ந்து வெடித்ததும், ஓட்டை ஒட்டித் தரும்படி பஞ்சர்காரரிடமே கொண்டுவந்து கொட்டினார்கள். ஓட்டை எங்கே என்று தெரிய, காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. அந்தப் பள்ளத்தின் வரலாற்றில் மிதவைகள் தண்ணீரைப் பார்த்தது பஞ்சர்காரரின் தொட்டியில் மட்டும்தான்.

அவர் ஒட்டினார். வேறு வேலை இல்லை. லாரிகள் போய்விட்டன.

அப்புறம் உயர்மட்டக் குழு பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. சுவருக்கு மேலே, உதட்டை ஒட்டிய மேடு மொட்டையாகக் கிடந்தது. அதைப் பசுமையாக்க ஒரு நாள்தான் இருந்தது.

இதற்கும் ஒரு முறை உண்டு, நல்ல முறைதான். காகிதக் கூழ், பசை, விதை, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு தொட்டி வண்டியில் கலக்கி, குழாயால் சரிவில் பீய்ச்சுவார்கள். எங்கே அடித்தோம், எங்கே விட்டோம் என்று அடிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் அதில் கொஞ்சம் பச்சைச் சாயம் சேர்ப்பார்கள். மழை பெய்கிற இடங்களில் கூழ் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், விதை முளைக்கும். வறண்ட இடத்தில் வெயில் அதை மதியத்துக்குள் முட்டை ஓடு மாதிரி இறுக்கிவிடும். ஹெல்மெட் இதை முழுவதும் விளக்கிவிட்டு, “அதனால விதையை விட்டுட்டோம். வீணாகப் போயிடும். சாயத்தை மட்டும் கூடுதலாப் போட்டிருக்கோம்” என்றார்.

வண்டி வண்டியாக அடித்தார்கள். பஞ்சர்காரரின் வெள்ளாடு பசை வாசனைக்கு ஓடிப்போய், நக்கி, உருண்டு, கொம்பு முதல் வால்வரை பச்சையாகத் திரும்பி வந்தது. உயர்மட்டக் குழு தூரத்தில் நின்று தொலைநோக்கியில் பார்த்தது. அதன் அறிக்கையில், புல்வெளி செழித்திருப்பதாகவும், இதுவரை அறியப்படாத பச்சை நிற விலங்கொன்று வாழிடம் தேடி வந்திருப்பதாகவும் இருந்தது.

ஆனால் பீய்ச்சிய தண்ணீர் எங்கே போகும்? மேட்டின் விரிசல்களில் இறங்கியது. பாறைக்குள் இறங்கும் தண்ணீர் சும்மா இருக்காது. கல்லும் கல்லும் பற்றிக்கொண்டிருக்கும் இடத்தை வழுக்கலாக்கும், இரண்டையும் தள்ளி விலக்கும். அந்த வட்டாரத்துக்கு வருஷக்கணக்கில் வராத தண்ணீர் ஒரே பகலில் வந்தது. அதுவும் சரியாகப் பஞ்சர்காரரின் சமையலறைக்கு மேல்புறம்.

மறுநாள், உடைந்ததற்குப் பதில் அவர் வைத்திருந்த இரண்டாவது கண்ணாடியும் தெறித்தது. விரிசலில் இப்போது கரண்டி நுழைந்தது. நுழைந்த கரண்டி திரும்பி வரவில்லை.

“நீங்க மனு எழுதுங்க. நான் அடுப்பைத் தூக்குறேன்” என்று மனைவி அடுப்பை முன் அறைக்குக் கொண்டுபோனாள்.

அவள் தம்பி அன்றைக்கு அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனை அக்கா உட்பட எல்லோரும் டோசர் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளத்துக்குள் ஆணையம் வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருந்த புல்டோசரின் ஓட்டுநர் அவன்தான்.

“டேய் டோசர், கீழே மிஷினை வெச்சுக்கிட்டு என்னதான்டா பண்றே?” என்றார் பஞ்சர்காரர்.

“காலையில ஸ்டார்ட் பண்றேன் மாமா. சாயங்காலம் ஆஃப் பண்றேன்.”

“நடுவுல?”

“நடுவுல நகரக் கூடாது. நகர்ந்தா திட்டத்துக்கு முன்னாடி ஓடின மாதிரி ஆயிடுமாம். எஞ்சின் ஓடுதுல்ல, அதையே வேலைன்னு எழுதிக்கிறாங்க.”

“சக்கை எவ்வளவு தூரத்துல கிடக்கு?”

“பிளேடுக்கு முன்னாடிதான் கிடக்கு. கண்ணு முன்னாடி சோத்தை வெச்சுட்டு வாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு மாமா. ஒரு பகல் போதும். ஆனா தள்ளினா வேலை போயிடும்.”

“நகராம நிக்கிறதுக்குப் பேரு வேலையாடா?” என்றாள் அக்கா. “அதுக்கு உனக்குப் பதிலா நான் ஒரு அம்மிக்கல்லைத் தூக்கிக் கொடுத்திருப்பேனே. கூடப் பிறந்தவ வீடு குழிக்குள்ள போறதை சீட்ல உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பியா?”

டோசர் தட்டில் கையைக் கழுவினான். வறண்ட நிலத்தில் ஏரிகள் பற்றிய மாநாட்டுக்காக ஆணையம் அப்படியே மொத்தமாக ஒரு கடற்கரை நகரத்துக்குப் போயிருந்தது. காப்பாளர்கூட விசிலோடு போயிருந்தார்.

மறுநாள் காலை டோசர் வழக்கம்போல் எஞ்சினை ஓட்டினான். ஆனால் பிளேடை இறக்கினான். சக்கை முதலில் முனகியது, பிறகு நகர்ந்தது. தள்ளுவதற்கும் ஒரு நேர்த்தி உண்டு: பெரிய கல் அடியில், சின்னது மேலே, ஒவ்வொரு அடுக்கின் மேலும் வண்டியையே ஏற்றி அமுக்க வேண்டும். பஞ்சர்காரர் கீழே நின்று, “இன்னும் கொஞ்சம் இடது பக்கம் மாப்ளே!” என்று கத்திக்கொண்டே இருந்தார். எஞ்சின் சத்தத்தில் டோசருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதனால் வேலை கெடவில்லை. பொழுது சாய்வதற்குள் சுவரின் பாதி உயரத்துக்கு ஒரு சாய்வு நின்றது. பார்க்கக் கண்றாவியாக, மேடும் பள்ளமுமாக, நூறு கழுதைகள் புரண்ட இடம் மாதிரி இருந்தது.

மூன்றாவது கண்ணாடி உடையவில்லை. ஒரு மழைகூட வந்தது, நாலு தூறல். கண்ணாடி அப்படியே இருந்தது. சாய்வின் குழிகளில் முள்செடிகள் சில, யாரையும் கேட்காமல், தலையைத் தூக்கின. மனைவி அடுப்பைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுவந்தாள்.

மாநாட்டிலிருந்து ஆணையம் திரும்பியது. ஹெல்மெட் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். முதல்முறையாக அவர் கை ஹெல்மெட்டுக்குப் போனது. கழற்றவில்லை, இன்னும் கெட்டியாக அழுத்திக்கொண்டார்.

“என்னய்யா இது? ஏரியோட கொள்ளளவு குறைஞ்சுபோச்சே!”

டோசருக்கு அன்றே சீட்டு கிழிந்தது. பஞ்சர்காரரை இயக்குநர் முன்னால் நிறுத்தினார்கள்.

“சார், உங்க திட்டத்துல முதல் வேலையே இதுதான்னு அன்னைக்கு இந்த சார் சொன்னாரு. அதைத்தான் செஞ்சோம்” என்றார் பஞ்சர்காரர்.

“அதனாலதான் தப்பு” என்றார் இயக்குநர், வருத்தத்தோடு. “திட்டத்துல இல்லாத எதையாவது நீங்க செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன். சில்லறைத் தப்புன்னு விட்டிருப்பேன். திட்டத்துல இருக்கிறதையே எடுத்துச் செஞ்சுட்டீங்க. இதை எல்லாரும் ஆரம்பிச்சா நாங்க எதைத் திட்டமிடுறது? இந்தக் கட்டடத்துல எத்தனை குடும்பத்துக்கு அந்தச் சுவர் சோறு போடுதுன்னு யோசிச்சீங்களா? ஒரு வீட்டைக் காப்பாத்த ஒரு ஆணையத்தையே இடிக்கப் பார்த்தீங்களே. சுயநலம்னா இதுதான் சுயநலம்.”

“சுவர் நிக்குது சார். வந்து பாருங்க.”

“நிக்குது. எந்த அனுமதியில நிக்குது?”

பஞ்சர்காரர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார், அனுமதிச் சீட்டு எதுவும் இல்லை. சுவரிடமும் இருந்திருக்காது.

“நிலத்தை மீட்கிறது எங்க கடமை” என்று இயக்குநர் எழுந்தார். “உங்ககிட்டேயிருந்து முதல்ல மீட்கிறோம்.”

மறுநாள் விடிந்தபோது பஞ்சர்காரர் தரை அதிர்வதை உணர்ந்து வெளியே ஓடிவந்தார். பள்ளத்துக்குள் இறங்கும் பாதை முழுவதும் வண்டிகள். அத்தனை வருஷமும் ஒரு புல்டோசரைக்கூட நகர்த்த முடியாத ஆணையத்திடம் இத்தனை இயந்திரங்கள் எங்கே ஒளிந்திருந்தன என்று அவருக்குப் புரியவில்லை. மண்வாரிகள், லாரிகள், புத்தம் புதுச் சீருடையில் ஆட்கள். அவர்களுக்குத் தண்ணீர், கூடாரம், மருத்துவர், அவசர ஊர்தி. வேலை என்றால் அது வேலை. ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேலே உள்ள கல்லை முதலில், அடிக்கல்லைக் கடைசியில் என்று, அடுக்கிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், ஒரு கூழாங்கல் சிந்தாமல் எடுத்தார்கள். எடுத்ததைப் பழைய இடத்தில் பழைய வடிவத்திலேயே குவித்தார்கள். முளைத்திருந்த முள்செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் போட்டார்கள். ஹெல்மெட் ஓடி ஓடி வேலை வாங்கினார். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது.

“சார், சார்!” என்று பஞ்சர்காரர் உதட்டில் நின்று கத்தினார். “மேல ஆள் இருக்கோம் சார்!”

ஹெல்மெட் கீழேயிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மனைவிதான் முதலில் கேட்டாள். கண்ணாடி உடைகிற சத்தம் இல்லை அது. அதற்கும் அடியில், ஏதோ பெரிய மிருகம் தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி. ஆட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். “என்னங்க, வெளியே வாங்க! எதையும் எடுக்காதீங்க, வாங்க!” பஞ்சர்காரர் அதற்குள் வீட்டுக்குள் ஓடி, அடுப்பை எடுக்கப் பாதி வழி போயிருந்தார். அவர் சட்டைக் காலரை அவள் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன.

சமையலறை போனது. ஹெல்மெட் அன்றைக்குச் சொன்ன அதே வரிசையில், அதற்குப் பிறகு முன் அறை போனது. கதவு மட்டும் சட்டத்தோடு ஒரு நொடி தனியாக நின்றுவிட்டு, அதுவும் இறங்கியது. தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அடங்கியதும் எட்டிப் பார்த்தார்கள். வீடு சுவரின் காலடியில், காலையில் சக்கை இருந்த அதே இடத்தில், சாய்வாகக் குவிந்து கிடந்தது. தகரம், செங்கல், நீலச் சுண்ணாம்பு அடித்த சமையலறைச் சுவரின் ஒரு துண்டு. சுவர் மெல்ல அதன் மேல் சாய்ந்துகொண்டது.

ஹெல்மெட் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். பள்ளத்தைப் பார்த்தார், கணவன் மனைவியைப் பார்த்தார், மறுபடி பள்ளத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

“இப்பத்தான் சுத்தம் பண்ணிக் கொடுத்தோம். ஏரிக்குள்ள கட்டட இடிபாடு போடக் கூடாதுன்னு தெரியாதா? இதை யாரு இங்க கொட்டினது?”

பஞ்சர்காரர் ஆட்டின் கயிற்றை மனைவி கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“எழுதிக்கோங்க சார்” என்றாள் மனைவி. “ஆணையம்னு எழுதுங்க. இத்தனை வருஷத்துல நீங்க திட்டம் போடாமச் செஞ்சு முடிச்ச ஒரே வேலை இதுதான்.”